பழைய வலியை இறக்கி வைக்க நான்கு நாள்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, கடலில் இழந்த உறவும் தீராத மனத்தாங்கலும் ஓய்ந்திருக்கும் மனத்தை அதிகமாக அலைக்கழிப்பதுண்டு. மறக்க முயலும்போதுதான் அந்த நினைவு மேலும் அழுத்தமாகத் திரும்பி வருகிறது என்பதால், "மறந்துவிடு" என்ற அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அதற்குப் பதிலாக, ஒரு நோட்டை எடுத்துத் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் அப்போது உள்ளம் பட்ட பாட்டையும் எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் ஆராய்ந்த முறை இது. பிழை பார்க்க வேண்டாம், எவரிடமும் காட்ட வேண்டாம், விரும்பினால் கிழித்தும் போடலாம். ஊக்கம் பெரும்பாலும் தொடங்கிய பிறகே வருகிறது; ஆகவே அதற்காகக் காத்திராமல், முதல் நாள் ஒரே ஒரு வரியாவது எழுதிவிடுங்கள். எழுதி முடித்ததும் சற்று நேரம் மனம் கனப்பது இயல்பே.

இழப்பு மிகவும் அண்மையதாக இருந்தாலோ, எழுத எழுதத் தாங்க முடியாமல் போனாலோ, தயவுசெய்து நிறுத்திவிட்டு 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண்ணை அழையுங்கள். நள்ளிரவிலும் தமிழிலேயே பேசலாம்.