படுக்கைப் புண்: "சூட்டுக் கட்டிதான்" என்று விட்டுவிடாதீர்கள்

அப்பா இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தது சென்னையின் மே மாதத்தில். நாலாம் நாள் முதுகுக்குக் கீழே எரிகிறது என்றார். ரெக்ஸின் மெத்தை, இந்த வெயில், சூட்டுக் கட்டியாக இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டி, பவுடர் போட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்தோம். நர்ஸிடம் சொல்லவே இல்லை. இரண்டு நாளில் தோல் உரிந்துவிட்டது.

படுக்கைப் புண் உடல் சூட்டினால் வருவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருகிறது. வியர்வையும் சிறுநீர் ஈரமும் தோலை ஊறவைத்து அதை இன்னும் மோசமாக்கும். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, பின்னந்தலை, இவற்றைத் தினமும் யாராவது பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்தவருக்கு வலியே தெரியாமல் போகலாம்.

சிவந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் காத்திருக்காதீர்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எடுப்பாகத் தெரியாது; அந்த இடம் மட்டும் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் சிதையும். நடுவில் ஓட்டை உள்ள ரிங் குஷனும் வேண்டாம், அதன் விளிம்பே சுற்றி அழுத்தும்.

ஏர் பெட் வாடகைக்கு எடுத்துவிட்டால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. வேண்டும். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள், உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்று நர்ஸிடம் கேளுங்கள். ஒரேயடியாக ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. மேலே நகர்த்தும்போது இழுக்காதீர்கள், இரண்டு பேராக பெட்ஷீட்டோடு தூக்குங்கள். அப்புறம் சாப்பாடு: வெறும் கஞ்சியில் புண் ஆறாது, முட்டையும் பருப்பும் வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

படுத்திருப்பவருக்கு ஒன்று. "பாவம், நர்ஸுக்கு ஏன் தொந்தரவு" என்று அப்பா பொறுத்துக்கொண்டார். நீங்கள் பொறுக்காதீர்கள். எரிந்தால், குத்தினால் அப்போதே சொல்லுங்கள், ராத்திரி 2 மணியானாலும் சரி. புண்ணில் நாற்றம், சீழ், கறுப்பு தெரிந்தாலோ கூடவே காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.