ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் எந்நேரம் மூடுபனி இறங்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். காட்டுயிர்ப் படங்களையும் பயணப் படங்களையும் எடுத்தே பிழைப்பது என்று முடிவு செய்து 17 ஆண்டுகள் ஆகின்றன. பொள்ளாச்சியில் என் வீட்டுக்கு வரும் இளையவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். நான் அவர்களிடம் கேட்பது வேறு. "உங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய காடோ ஏரியோ கடற்கரையோ எது?"

முதல் மூன்று ஆண்டுகள் நானும் கபினி, பரத்பூர், ரந்தம்பூர் என்று அலைந்தேன். கடன் வாங்கி அலைந்தேன் என்பதே சரி. கொண்டுவந்த படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் எனக்கு முன்னால் போன நூறு பேர் நின்ற அதே ஜீப்பில் நின்று எடுத்த படங்கள் அவை. நாலாம் ஆண்டு கையில் காசில்லை. பஸ்ஸில் போய்வரக்கூடிய தொலைவில் இருந்தது வால்பாறை மட்டுமே. அந்த ஆண்டு 31 முறை போனேன். இன்றுவரை எனக்குச் சோறு போடும் படங்களில் பாதி அந்த ஆண்டு எடுத்தவை.

ஆகவே முதல் வேலை, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுத்ததும் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், வானிலை, எந்த மரம் பூத்திருக்கிறது, எது காய்த்திருக்கிறது, எந்த விலங்கு எந்தப் பக்கமாகப் போனது என்பதை எழுதுங்கள். இரண்டாம் ஆண்டில் அந்த நோட்டு உங்களுக்கு வழி சொல்ல ஆரம்பிக்கும்.

பழகுவதற்கு வரையாட்டைப் போல் நல்ல ஆசான் இல்லை. ஒன்பதாவது வளைவின் காட்சி முனை அருகே, சாலையோரத்துப் பாறைச் சரிவுகளில் அவை அடிக்கடி மேயும். வண்டிகளுக்குப் பழகியவை என்பதால் ஓடாது. அதற்காக நெருங்கிப் போகாதீர்கள், எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். ஓரமாக உட்கார்ந்து கால் மணி நேரம் கேமராவைத் தொடாமல் பாருங்கள். தலை தூக்கி உங்களைப் பார்த்த ஆடு மறுபடி குனிந்து மேய்கிறதா? காதுகள் உங்கள் பக்கமே நிற்கின்றனவா, சுற்றுப்புறத்துக்குத் திரும்பிவிட்டனவா? காது திரும்பிய பிறகுதான் அதன் சொந்த வாழ்க்கை தொடங்குகிறது. நீங்கள் எடுக்க வேண்டியது அதைத்தான். உங்களை முறைத்துப் பார்க்கும் விலங்கின் படத்தில் உங்கள் பயமுறுத்தலும் பதிந்திருக்கும்.

சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்குக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது காட்டில் வாழ்வதில்லை. வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் ஒரு துண்டுக் காட்டில் இவை இருக்கின்றன. சாலையில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒருநாள் முழுக்கக் காத்திருந்து வெறும் முதுகுகளாக எடுத்துக்கொண்டு திரும்பும்போது, தேயிலைக் கூடையை இறக்கி வைத்த ஓர் அம்மா, "கீழே இருக்கிற பலாவில் வாசம் வந்துவிட்டது. நாளைக்கு விடியும்போதே வாருங்கள் தம்பி" என்றார். போனேன். ஆறரை மணிக்குக் கூட்டம் இறங்கியது. ஒரு தாய்க் குரங்கு பலாவைக் கிளையிலிருந்து பிரிக்காமலே, தோலைப் பல்லால் கிழித்து, இரண்டு கையையும் உள்ளே விட்டுச் சுளையை இழுத்தது. வயிற்றில் தொங்கிய குட்டி கையை நீட்டி அம்மாவின் உதட்டோரம் வழிந்த நாரைப் பிடுங்கி, மோந்து பார்த்து, தன் வாயில் வைத்துக்கொண்டது. மொத்தம் பத்து நொடி இருக்கும்.

அந்தப் படத்துக்கு ஷட்டர் வேகம் 1/320 நொடி, கேமராவின் ஒளியுணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 3200. கரிய உடம்பையும் இருண்ட காட்டையும் பார்த்ததும் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு படத்தை வெளுக்கவைக்கும். கறுப்பு சாம்பலாகும், முகத்தைச் சுற்றிய வெள்ளிப் பிடரி சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. கொக்கு, பூநாரை போன்ற வெளிர்நிறப் பறவை இருண்ட பின்னணியில் நின்றாலும் அப்படியே குறைக்க வேண்டும். ஆனால் வெளிறிய வானத்தில் பறக்கும் கரும் பறவைக்குக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் நிழல்தான் கிடைக்கும். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடியைவிட மெதுவாகப் போகாதீர்கள்.

இருவாட்சியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், எச்சத்தாலும் பழக்கூழாலும் வாசலைப் பூசி, ஒரு கீறல் மட்டும் விட்டு உள்ளே அடைந்துகொள்கிறது. அதற்கும் குஞ்சுக்கும் மாதக்கணக்கில் சாப்பாடு ஆண் கொண்டுவருவதுதான். இறக்கை ஓசை ரயில் வருவதுபோல முன்னாலேயே கேட்கும். வந்து உட்கார்ந்து, தொண்டையிலிருந்து அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியால் கீறலுக்குள் நீட்டும். மரத்தடியில் நீங்கள் நின்றால் அது வராது. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டுப் பழத்தோடு போய்விடும். உள்ளே இருப்பவை பட்டினி. தொடக்கத்தில் நான் அப்படி நின்றிருக்கிறேன். பறவை மூன்று முறை திரும்பிப் போன பிறகுதான் காரணம் நான் என்று உறைத்தது. அன்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவன், அதன்பிறகு கூட்டருகே போவதில்லை. பழுத்த அத்தி மரத்தைக் கண்டுபிடித்து, அங்கே தூரத்தில் உட்காருகிறேன். கூட்டை எங்கே பார்த்தாலும் அந்த இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், படத்தோடு இடக்குறியீட்டை வெளியிடாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி தேவை. தோட்டங்களிலும் மேலாளரிடம் கேட்டுவிட்டே நுழைய வேண்டும். மாலையில் யானை நடமாட்டம் உண்டு. யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகள் வால்பாறையில் பல இடங்களில் இருக்கின்றன. அது எரிந்தால் அன்றைய வேலை முடிந்தது என்று திரும்பிவிடுங்கள்.

மழைக்காலத்தில் பூஞ்சைதான் எதிரி. ஜூன் மாதம் ஒன்றில் பையிலேயே கிடந்த என் 300 மி.மீ. லென்ஸுக்குள் ஆகஸ்டில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. இப்போது இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். அது நிறம் மாறியதும் வறுத்து உலர்த்திவிடுவேன். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், கண்ணாடியில் நீர் கோக்காது. ஜீப் கதவில் லென்ஸைத் தாங்கக் காலித் துணிப்பை கொண்டுபோய், போன ஊரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்த அரிசியை ஓட்டுநர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

கோடியக்கரைக்குப் போனால் எதிரி உப்பு. வெளிமானைத் தேடிப் புல்வெளியில் விடிகாலை படுத்திருக்கும்போதே கடற்காற்று லென்ஸில் படிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றுப் பம்பால் ஊதிவிட்டு, பிறகு இலேசாக ஈரப்படுத்திய துணியால் ஒற்றி எடுங்கள்.

இனி பணம். காட்டுயிர்ப் படங்களை மட்டும் விற்று என்னால் குடும்பம் நடத்த முடிந்ததில்லை. விடுதிகள், சுற்றுலா மலர்கள், பயிற்சி முகாம்கள், முகூர்த்த மாதங்களில் கல்யாணங்கள் எல்லாம் சேர்ந்துதான் வருமானம். ஒரு விடுதிக்கு இரண்டு நாள் கூலி பேசி எடுத்துக் கொடுத்த படங்கள் ஐந்து ஆண்டுகள் நாட்காட்டியிலும் விளம்பரப் பலகையிலும் வந்தன. சண்டைக்குப் போகலாம் என்று வழக்கறிஞரிடம் காட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். ஆகவே ஒரு பக்கமாவது எழுதி வாங்குங்கள்: உரிமை என்னுடையது, இன்ன பயன்பாட்டுக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு, இவ்வளவு தொகை, பாதி முன்பணம். எழுதத் தயங்குகிறவரிடம் வேலைக்குப் போகாதீர்கள்.

எவ்வளவு களைப்பானாலும் அன்றிரவே படங்களை இரண்டு வட்டுகளில் நகலெடுத்துவிடுங்கள். ஒன்று பையில், மற்றொன்று உடம்போடு. மூன்றாவது நகல் வீடு திரும்பியதும். படக்குறிப்பையும் அன்றிரவே எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்தால் எந்தக் குரங்கு எந்த மரத்தில் என்பது கலங்கிவிடும்.

பலாவைக் காட்டிக்கொடுத்த அந்த அம்மாவுக்கு அடுத்த முறை போனபோது படத்தை 8க்கு 12 அளவில் அச்சிட்டுக் கொண்டுபோனேன். மூன்று மாதத்தில் ஈரத்தில் காகிதம் நெளிந்து சுவரிலிருந்து உதிர்ந்துவிட்டது. மலையில் தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளின் சுவர் எப்போதும் வியர்த்தபடி இருக்கும். இப்போதெல்லாம் நாலு ஓரமும் விளிம்பு விட்டு லேமினேட் செய்துதான் எடுத்துப்போகிறேன். அவருடைய கதவுக்கு மேலே இரண்டாவது பிரதி ஆறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. போன மாதம் போனபோது, ஆற்றோரத்து அத்தி இந்த வருடம் சீக்கிரமே காய்த்துவிட்டது என்றார்.