சிறப்புக் குழந்தைகளின் உடல் எடை: வீட்டிலும் வகுப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு முதல் பத்து ஆண்டுகள் தெரபி அலைச்சலிலேயே போய்விடும். பேச்சு வரவேண்டும், தானாகக் கழிப்பறைக்குப் போகவேண்டும், பென்சில் பிடிக்கவேண்டும் என்று ஓடும்போது எடையைப் பற்றி யார் நினைப்பது? பதிமூன்று, பதினான்கு வயதில் பிள்ளைக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. உடனே ஒரே நாளில் கட்டுப்பாடு வருகிறது: நாளையிலிருந்து பிஸ்கட் கிடையாது, சோறு ஒரு கரண்டிதான். ஒரு வாரத்தில் வீடு போர்க்களமாகி, கட்டுப்பாடும் காற்றில் போய்விடும்.

இந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பழக்கத்தில் பெரும்பகுதி, சுற்றியிருக்கும் பெரியவர்கள் தெரிந்தோ தெரியாமலோ கற்றுக்கொடுத்தது. சட்டைப் பொத்தான் போடுவதைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தோமே, அதே பொறுமையும் அதே முறைகளும் இங்கேயும் உதவும்.

உணவையே பரிசாகக் கொடுப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது என்பது என் கருத்து. ஏனென்றால் இது பயிற்சியின் பெயரிலேயே நடக்கிறது.

தெரபி அறையில் சிறு டப்பாவில் வண்ண மிட்டாய்கள் இருக்கும். "உட்கார்" என்றதும் உட்கார்ந்தால் ஒன்று. "சிவப்பு எது, காட்டு" என்றதும் சரியாகக் காட்டினால் இன்னொன்று. மூன்று வயதுக் குழந்தைக்கு இது சட்டென்று வேலை செய்யும். கற்பித்தலைத் தொடங்க ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதான பிறகும் அதே டப்பா மேசையில் இருக்கிறது. பள்ளி வேனில் அமைதியாக வந்ததற்கு ஒரு பிஸ்கட், வகுப்பில் எழுதியதற்குச் சிப்ஸ், முடிவெட்டிக்கொண்டதற்கு ஐஸ்கிரீம், ஊசி போட்டுக்கொண்டதற்கு சாக்லேட். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பவர் எவரும் இல்லை. நல்லது செய்தால் இனிப்பு கிடைக்கும் என்பது அந்தப் பிள்ளையின் மனதில் விதியாகவே பதிந்துவிடுகிறது.

இதை ஒரே நாளில் நிறுத்தினால் கற்றலும் நின்றுவிடும். தின்பண்டம் கொடுக்கும் அதே நொடியில் பாராட்டையும் பிள்ளைக்குப் பிடித்த வேறொன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு தின்பண்டத்தை இரண்டு முறைக்கு ஒருமுறை, ஐந்து முறைக்கு ஒருமுறை என்று விலக்கிக்கொண்டே வாருங்கள். பிடித்த வேறொன்று எது? பிள்ளையைச் சும்மா விட்டுவிட்டு அரைமணி நேரம் கவனித்தாலே தெரியும். ஒருவனுக்கு ஊஞ்சல், ஒருத்திக்கு வளையல் ஓசை, இன்னொருவனுக்கு வாஷிங் மெஷின் சுழல்வதைப் பார்ப்பது. ஓர் அட்டையில் ஐந்து வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஐந்தும் நிறைந்தால் பத்து நிமிடம் ஊஞ்சல் என்று வைக்கலாம். ஐந்தும் நிறைந்தால் சிப்ஸ் பாக்கெட் என்று வைத்தால் மட்டும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

அழுகையை நிறுத்தப் பிஸ்கட்

கடை வாசலில் பிள்ளை தரையில் உருள்கிறது, ஊரே பார்க்கிறது, ஒரு பாக்கெட்டை வாங்கிக் கையில் திணித்துவிடுகிறோம். அந்த நேரத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை கொடுத்தால், "இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும்" என்ற பாடம்தான் பதியும். எப்போதும் கொடுப்பதைவிட எப்போதாவது கொடுப்பது அடத்தை இன்னும் வலுவாக்கும் என்பது நடத்தை அறிவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை.

கொடுப்பதை நிறுத்தியதும் அழுகை முதலில் கூடும். இது தெரியாமல்தான் பலர் மூன்றாம் நாள் கைவிடுகிறார்கள். தலையை இடித்துக்கொள்ளும், பிறரைக் கடிக்கும் பிள்ளைகளிடம் இதைத் தனியாக முயலவே கூடாது. நடத்தைப் பயிற்சி நிபுணர் உடனிருக்க வேண்டும்.

அழுகை வந்தபின் சமாளிப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது எளிது. முறுக்கு டின் கண்ணில் படாத அலமாரிக்குப் போகட்டும். பேக்கரி இல்லாத தெருவழியாக வீட்டுக்கு வரலாம். "இல்லை" என்பதற்குப் பதில், "முதலில் குளியல், பிறகு சுண்டல்" என்று இரண்டு படங்களைக் காட்டலாம். பேச்சு வராத பிள்ளைக்குப் பசியையும் தாகத்தையும் சொல்லப் பட அட்டை கொடுங்கள். தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழுத பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்து வளர்த்த வீடுகள் உண்டு.

தாத்தா பாட்டியையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். "பாவம், இவனுக்கு வேறென்ன சந்தோஷம் இருக்கிறது" என்று சொல்லி மடியில் வைத்து ஊட்டும் அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு வேறு சந்தோஷங்களை நாம் காட்டவில்லை என்பதுதான் அந்தப் பேச்சில் உள்ள உண்மை. பூத்தொடுக்கும்போது பூக்களை எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பேரனுக்குத் தரச் சொல்லுங்கள். பாட்டியோடு இருக்கும் நேரம் அப்படியே இருக்கும், லட்டு மட்டும் இருக்காது.

மருத்துவக் காரணத்தைப் பார்க்காமல் பிள்ளையைத் திட்டுவது

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் தரப்படும் ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் ஆகிய இரண்டுமே எடையைக் கூட்டக்கூடியவை. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட்டும் அப்படித்தான். மாத்திரை தொடங்கிய பிறகு பசி திடீரென்று கூடினால் அது பேராசை ஆகாது, மருந்தின் விளைவு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொடங்கும் முன்பே எடையைக் குறித்துவைத்து, இடையிடையே சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதித்து, மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை தேவை. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்தால் பகல் முழுக்கச் சோர்வு. அந்தச் சோர்வைச் சோம்பல் என்கிறோம்.

பிராடர்-வில்லி சின்ட்ரோம் தனிக் கதை. 15-ஆம் குரோமோசோமில் உள்ள மாறுபாட்டால் வரும் இந்த நிலையில், வயிறு நிறைந்த உணர்வே சரியாக எழுவதில்லை. மேலே சொன்ன பரிசு அட்டைகள் மட்டும் இங்கே போதாது. சமையலறையையும் குளிர்சாதனப் பெட்டியையும் பூட்டி வைப்பது பாதுகாப்பு நடவடிக்கை. அதைக் கொடுமை என்று உறவினர்கள் பேசினால் காதில் வாங்க வேண்டாம். அடுத்த வேளை எப்போது, என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அந்தப் பிள்ளைகளின் பதற்றத்தைக் குறைக்கும்.

சாப்பிட மறுப்பதைத் திமிர் என்று நினைப்பது

ஆட்டிசம் உள்ள ஒருவன் தயிர்சாதமும் சிப்ஸும் மட்டுமே சாப்பிடுகிறான் என்றால், மற்றவற்றின் வாசனையோ வழவழப்போ நிறமோ அவனால் தாங்க முடியாததாக இருக்கலாம். வாயைப் பிடித்துத் திணித்தால் அந்தக் காய் நிரந்தரமாக எதிரியாகிவிடும். தயிர்சாதத்துக்குள் கீரையை ஒளித்து வைத்தால், நம்பிச் சாப்பிட்ட ஒரே உணவும் கைவிட்டுப் போகலாம். கோதுமையில் உள்ள பசையம் (குளூட்டன்), பால் இரண்டையும் நீக்கினால் ஆட்டிசம் சரியாகும் என்று சொல்லும் விளம்பரங்களுக்கு வலுவான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே குறுகிய பட்டியல் இன்னும் குறுகுவதுதான் மிச்சம்.

பிடித்ததிலிருந்து நகருங்கள். மொறுமொறுப்புப் பிடிக்கும் பிள்ளைக்குச் சிப்ஸிலிருந்து சுட்ட அப்பளம், அதிலிருந்து பொட்டுக்கடலை, பிறகு வெள்ளரித் துண்டு. புதிய உணவு முதலில் தட்டின் ஓரத்தில் இருந்தால் போதும். பிறகு தொடுவது, முகர்வது, நாக்கில் வைப்பது, மிளகளவு கடிப்பது. ஒவ்வொரு படிக்கும் பல நாட்கள் ஆகலாம். துப்பவும் அனுமதி இருக்கட்டும்.

அமெரிக்க உளவியலாளர் லெனர்ட் எப்ஸ்டீன் குழந்தைகளுக்காக வகுத்த போக்குவரத்து விளக்கு முறையை நம் சமையலறைக்கும் எளிதில் கொண்டுவரலாம். பச்சை என்றால் தாராளமாக, மஞ்சள் என்றால் அளவோடு, சிவப்பு என்றால் அரிதாக. கீரை, வெண்டைக்காய், கொய்யா பச்சை. இட்லி, சோறு, பருப்பு, முட்டை மஞ்சள். முறுக்கு, பப்ஸ், குளிர்பானம் சிவப்பு. கலோரி புரியாத பிள்ளைக்கும் நிறம் புரியும். ஆனால் ஆட்டிசம் உள்ள சிலர் விதியை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். "சிவப்பு கூடவே கூடாது" என்று சொன்னால் பிறந்தநாள் கேக்கைக் கண்டே நடுங்குவார்கள். சிவப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிக்கொடுப்பது நல்லது.

உடற்பயிற்சியைத் தண்டனையாக்குவது

2020-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதே அளவுதான். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. "வாக்கிங் போ" என்பது அவர்களுக்குப் புரியாத கட்டளை. "மூன்றாவது விளக்குக் கம்பம் வரை" என்பது புரியும். மாடியில் துணி உலர்த்துவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாட்டுக்கு ஆடுவது எல்லாமே நல்ல தொடக்கம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களைக் குட்டிக்கரணம் போடவைக்கும் முன் கழுத்து எலும்பைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கிலோவை மட்டும் பார்ப்பது

வளரும் வயதில் எடை கூடாமல் உயரம் கூடினாலே பல நேரங்களில் அது வெற்றி. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் எடை குறைந்து வாடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் பொருந்தாது. தராசைவிட நடத்தையை எண்ணுங்கள்: இந்த வாரம் எத்தனை நாள் குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர்? ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு "எப்படி ஊதிப்போய்விட்டான் பாருங்கள்" என்று பேசாதீர்கள். பேசாத பிள்ளைக்கும் காது கேட்கும்.

உதவி தேடும்போது சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறன் மேம்பாட்டு நிறுவனத்தையும், மாவட்ட அளவில் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களையும் அணுகலாம். போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, யார் கொடுத்தார், அதற்கு முன் என்ன நடந்தது. "யார் கொடுத்தார்" என்ற பத்தியை விட்டுவிடாமல் நிரப்புங்கள்.