பாங்காக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்த நீலக்கல்

பேரம் பேசுங்கள், பாஸ்போர்ட் நகல் வைத்திருங்கள், தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடியுங்கள் என்பதெல்லாம் இங்கே இருக்காது. அதை உங்கள் மைத்துனரே சொல்லிவிடுவார். கோவையிலிருந்து பாங்காக்குக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. முதல் தடவை வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் வருஷா வருஷம் அதேதான். புதிதாக வரும் சின்னப் பையன்களும் நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த குழியிலேயே பார்த்துப் பார்த்து விழுகிறார்கள்.

"அரண்மனை இன்னைக்கு லீவு"

இதை விமான நிலையத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே மைக் பிடித்துச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன மறுநாளே ஒரு தம்பதி போய் மாட்டிக்கொண்டார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பேரரண்மனையின் வெள்ளை மதிலோரம் நடந்துகொண்டிருப்பீர்கள். கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் நல்ல இங்கிலீஷில் நலம் விசாரிப்பார். "இந்தியாவா? காலையில பிக்குகள் பூஜை நடக்குது, ஒரு மணிக்கு மேலதான் திறப்பாங்க." காசு கேட்க மாட்டார், எதையும் விற்க மாட்டார். நம்பிக்கை வருவது அதனால்தான். உங்கள் மேப்பை வாங்கி இரண்டு கோயில்களை வட்டம் போட்டுவிட்டு, போகிற போக்கில் 'அரசாங்க ஏற்றுமதி மையம்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பார். டுக்-டுக்கையும் அவரே நிறுத்துவார். மூன்று இடத்துக்கும் சேர்த்து 40 பாட் (தாய்லாந்துப் பணம்). நம்ம ஊர் ஆட்டோக்காரரிடம் தினம் மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த வாடகையிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராது, லாபம் என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்.

முதல் கோயில் நிஜமான கோயில், அழகாகவும் இருக்கும். அங்கே தூணோரமாக ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பேச்சுக் கொடுத்தால், தானும் அந்த மையத்தில் கல் வாங்கி வெளிநாட்டில் நல்ல விலைக்கு விற்றதாகவும், சலுகை இன்றோடு முடிவதாகவும் சொல்வார். மதிலோரத்து ஆள், டுக்-டுக்காரர், இவர் மூன்று பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலவே நடந்துகொள்வார்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் யாருக்குத்தான் நம்பத் தோன்றாது? அந்த 'மையம்' வெறும் கல் கடைதான். ஆளைக் கொண்டுவந்து விட்டால் டிரைவருக்கு அங்கே பெட்ரோல் கூப்பன். கல் விற்றால் எல்லோருக்கும் கமிஷன்.

நான் சொன்ன தம்பதியில், அந்த அண்ணனுக்கு இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. ஏழரைச் சனிக்கு நீலக்கல் போடச் சொல்லி ஜோசியர் அனுப்பியிருந்தார். கடையில் ஜூஸ் கொடுத்து, பூதக்கண்ணாடி கொடுத்து, "உங்க ஊர்ல டபுள் விலைக்குப் போகும்" என்றதும் கார்டைத் தேய்த்துவிட்டார். ஒரு லட்சத்துக்கு மேல். கல்லையும் கையில் தரவில்லை. "கஸ்டம்ஸ் தொல்லை உங்களுக்கு எதுக்கு" என்று வீட்டு முகவரிக்குப் பார்சல் போட்டார்கள். அக்கறையாக்கும் என்று நினைத்திருக்கிறார். பாங்காக்கில் இருக்கும்வரை கல்லை வேறு யாரிடமும் காட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பார்சல் வந்ததும் நகைப் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினார். ஆசாரி சொன்னது: "கல்லு நெசந்தாங்க. இந்த வெலைக்கு இதே மாதிரி பத்து வாங்கலாங்க."

காசு போனதைவிட எனக்குக் கடுப்பு எதிலென்றால், அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அண்ணன் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் சுற்றுலா போலீஸ் எண் 1155-ஐ அப்போதே கூப்பிட்டிருக்கலாம். அவர்கள் நடுவில் வந்து பேசினால் ஒரு பகுதியாவது திரும்ப வாய்ப்பு உண்டு. விமானம் ஏறிவிட்டால் அதுவும் போச்சு.

அரண்மனை காலை 8:30-க்குத் திறக்கும், பிற்பகல் 3:30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். அரச சடங்குகளுக்காக மூடுகிற நாள்களை அவர்களுடைய இணையதளத்திலேயே போட்டுவிடுவார்கள். மதிலோரத்தில் யார் என்ன சொன்னாலும் வாசல்வரை நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். கல் வியாபாரத்தைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் பாங்காக்குக்கு வெளியே சந்தபுரி ஊருக்குப் போங்கள். வார இறுதியில் தெருவிலேயே மேஜை போட்டுக் கல் பார்த்து வாங்குவார்கள். வேடிக்கை பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் பாதியை வீணாக்குவது

500 பாட் கொடுத்து வாங்கும் அரண்மனை டிக்கெட்டில், சாலா சலெர்ம்குருங் அரங்கில் வார நாள்களில் நடக்கும் 'கோன்' முகமூடி நாட்டியமும் சேர்த்தி. அதைப் பார்க்காமலே டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு ஷாப்பிங் மாலுக்கு ஓடுகிறார்கள். கோனில் ஆடுவது ராமாயணத்தின் தாய்லாந்து வடிவமான ராமகியன். அரண்மனை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மரகத புத்தர் கோயிலின் பிரகாரச் சுவர் முழுக்க 178 ஓவியங்களாக அதே கதைதான். புத்தர் சிலை 66 செ.மீ. உயரம்தான். "இவ்வளவுதானா?" என்று சலித்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை. ராமகியனில் சீதை ராவணனின் மகள். அனுமாரோ, சேது கட்டப்போன இடத்தில் மச்சக்கன்னியைக் காதலிக்கிறார். கதையைச் சொன்னதும், ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் ஓவியத்தின் முன்னால் நின்று, "பிரம்மச்சாரின்னுல்ல இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன்" என்றார்.

அரை டிரவுசரில் அரண்மனை

விட மாட்டார்கள்.

சாயங்காலம் டாக்ஸியில் ஏறுவது

அரண்மனைக்குப் பக்கத்து வாட் போ கோயிலிலிருந்து சுகும்விட் பகுதி ஹோட்டலுக்கு ஆறு மணிக்கு டாக்ஸி பிடித்தால் முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட் மனப்பாடம் ஆகிவிடும். ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகு பிடித்து சாத்தோர்ன் படித்துறையில் இறங்குங்கள். மேலேயே சபான் தக்சின் ஸ்கைட்ரெயின் ஸ்டேஷன் இருக்கிறது. இருட்டிய பிறகு படகை நம்ப வேண்டாம். வாட் போவுக்கு அருகிலேயே சனம் சாய் மெட்ரோ இருக்கிறது.

"ஷோ ஃப்ரீ, மேல வாங்க"

இரவுக் கேளிக்கைத் தெருவான பட்போங்கில் லேமினேட் அட்டையை நீட்டி ஒருவர் கூப்பிடுவார். அட்டையில் பியர் 100 பாட். மாடியில் பில் ஆயிரக்கணக்கில் வரும், கதவை மறித்து இரண்டு பேர் நிற்பார்கள். அட்டையைக் காட்டிச் சண்டை போடலாம் என்று பார்த்தால் அது கீழேயே போயிருக்கும். கீழே இரவுச் சந்தையைச் சுற்றுங்கள், தெருவைப் பார்த்த கடையில் உட்கார்ந்து குடியுங்கள், படி ஏறாதீர்கள். மொட்டைமாடி பார்கள் வேறு ரகம். அங்கே பில் நியாயமாகவே வரும், ஆனால் செருப்பும் அரைக்கால் சட்டையுமாகப் போனால் பல இடங்களில் லிஃப்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமை யாவராட்

பாங்காக்கின் சைனா டவுன் இது. திங்களன்று தெருக்கடைகள் பலவும் லீவு. செவ்வாய் போங்கள்.

வேப்

இ-சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சீலோம் மாரியம்மன் கோயிலில் போனை எடுப்பது

19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் நம்மவர்களுக்குச் சொந்த ஊர் உரிமை வந்துவிடுகிறது. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தாலும் வீடியோ காலில் வீட்டுக்கே தரிசனம் காட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். சாமி கும்பிட வந்தவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள், பூத்தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். போனைப் பையில் போட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.