புரட்டாசியில் ஒரு மெக்சிகோ மாலை நடத்துவது எப்படி?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை, ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தோரின் மரபைப் போற்றும் ஹிஸ்பானிக் மரபு மாதம் கொண்டாடப்படுகிறது. 1968-இல் ஒரு வார விழாவாகத் தொடங்கி 1988-இல் மாதமாக விரிந்த இக்கொண்டாட்டம் மாத நடுவில் தொடங்கக் காரணம், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் உள்ளிட்ட ஐந்து மத்திய அமெரிக்க நாடுகளின் 1821-ஆம் ஆண்டு விடுதலை அந்நாளுக்கு உரியது என்பதும், மெக்சிகோவின் விடுதலை நாள் மறுநாளே வருவதும் ஆகும். கும்பகோணத்திலோ திருவையாற்றிலோ பள்ளியிலும் நூலகத்திலும் இதைக் கொண்டாட விரும்புவோர் எல்லா நாடுகளையும் ஒரே மேடையில் ஏற்றாமல், ஒரு நாட்டின் ஓர் உணவை முறையாகச் செய்து காட்டுவதே நல்லது. மெக்சிகோக்காரர் வேடம் என்று அகலத் தொப்பியும் ஒட்டு மீசையும் வேண்டாம். அவை கேலியாகவே முடியும்.

மெக்சிகோவின் சோள ரொட்டியான டார்ட்டியாவுக்கு முதல் நாளே வேலை தொடங்கிவிடும். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீரும், 10 கிராம் உண்ணத்தகுந்த சுண்ணாம்புத் தூளும் போதும். விதைச் சோளத்தில் மருந்து கலந்திருக்கும் என்பதால் அதை வாங்கவே கூடாது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் ஆகாது. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்குமாதலால் எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்து, இரவு முழுதும் அப்படியே ஊறவிட வேண்டும். காலையில் தண்ணீர் மஞ்சளாகியிருக்கும். மணியை விரலால் நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். நான்கைந்து முறை அலசித் தேய்த்தபின் அம்மியில் அரைப்பது சிறப்பு, ஏனெனில் மெக்சிகோவிலும் ஏறக்குறைய அதே போன்ற கல்லில்தான் அரைத்தார்கள். கிரைண்டரில் அரைப்பவர்கள் தண்ணீரைத் தெளித்துத் தெளித்தே அரைக்க வேண்டும். மாவு தளர்ந்தால் தட்ட வராது. எலுமிச்சை அளவு உருண்டைகளை வாழையிலைகளுக்கிடையே வைத்துப் பலகையால் அழுத்தி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் சுட்டு எடுக்கலாம்.

சுண்ணாம்பு எதற்கு என்பதைச் சுடும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். தோலை நீக்குவதோடு, சோளத்தில் சிக்கியிருக்கும் நியாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் ஏற்கும்படி அது விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது.

தொட்டுக்கொள்ளத் தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் போதும். வேகவைத்த ராஜ்மாவும் சேர்ந்தால், கவிச்சி ஒதுக்கும் புரட்டாசியில் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணலாம். அலங்காரத்துக்குச் செண்டுமல்லி பொருத்தமானது, அதன் தாயகமே மெக்சிகோதான். ஆயினும் இறந்தோர் படத்தின் முன் அப்பூவைப் பரப்பும் சடங்கு நவம்பர் 1, 2 நாள்களுக்கு உரியது. அதை இம்மாலையில் கலக்கக் கூடாது.