ஏடிவியோடு உறைந்த ஏரியில் இறங்கலாமா? ஐஸ் தடிமனை அளக்கும் முறை

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிக்கும் ஐஸ் மீன்பிடிப்புக்கு எந்தத் தூண்டில், எந்தக் கூடாரம் என்று தேடினால் பதிவுகள் கொட்டிக் கிடக்கும். ஏடிவியை, அதாவது கரடுமுரடான தரையிலும் ஓடும் நாலு சக்கர வண்டியை, ஏரிக்குள் இறக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் "நாலு அங்குலம் இருந்தால் போதும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த நாலு அங்குலம் நடந்து போகிற ஆளுக்கு. அதுவும் ஐஸ் புதிதாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால்தான். ஆகர் (ஐஸில் துளை போடும் கருவி) ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. எடையைக் கூட்டுங்கள்

வண்டியின் கையேட்டில் இருப்பது வெறும் வண்டியின் எடை. அதோடு நீங்கள், பெட்ரோல், ஆகர், கூடாரம், பின்னால் இழுக்கிற சறுக்குவண்டி எல்லாவற்றையும் சேருங்கள். 350 கிலோ ஏடிவி 500 கிலோவைத் தொடுவது சர்வசாதாரணம்.

2. எவ்வளவு வேண்டும்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை தரும் அளவுகளைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். நடப்பதற்கு 4 அங்குலம், ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) அல்லது சிறிய ஏடிவிக்கு 5 முதல் 7, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டிக்கு 7 முதல் 8, சிறிய காருக்கு 9 முதல் 10. எல்லாம் தெளிவான ஐஸுக்கு.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு சூத்திரமும் உண்டு. கனடாவின் லார்ன் கோல்ட் 1971இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது: சென்டிமீட்டரில் தடிமனை வர்க்கப்படுத்தி 4ஆல் பெருக்கினால், தாங்கும் எடை கிலோவில் கிடைக்கும். 20 செ.மீ. என்றால் 1600 கிலோ. 10 செ.மீ. என்றால் 800 இல்லை, 400தான். தடிமன் பாதியானால் பலம் கால்பங்கு ஆகிவிடுகிறது. "ரெண்டு அங்குலம்தானே குறைகிறது" என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். 500 கிலோவுக்குச் சூத்திரப்படி 11 செ.மீ.க்குச் சற்று மேல் போதும். நான் அதை நம்பி இறங்கமாட்டேன், பட்டியலில் ஏடிவிக்கான பெரிய எண்ணான 7 அங்குலத்தைத்தான் எடுப்பேன்.

3. வண்டி கரையில், நீங்கள் கடப்பாரையோடு

கரையோரம்தான் முதலில் இளகும், அங்கிருந்தே குத்திப் பார்க்க ஆரம்பியுங்கள். சில அடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஓங்கி இரண்டு குத்து. கடப்பாரை உள்ளே போனாலோ தண்ணீர் கசிந்தாலோ வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். கழுத்தில் ஐஸ் பிக் (உள்ளே விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏறும் கூர்முனை), மேலே மிதவை ஜாக்கெட், கூட ஓர் ஆள். இதில் பேரம் கிடையாது.

4. துளை போட்டு அளப்பது

பலரும் கோட்டைவிடுகிற இடம் இது. எனக்கும் முதலில் குழப்பம் தந்தது.

சோதனைக்கு மீன்பிடிக்கிற பெரிய ஆகர் தேவையில்லை. பேட்டரி டிரில்லில் 5/8 அங்குல மரத்துளை பிட், நீளமானதாக. துகளை அடிக்கடி வெளியே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிட் உள்ளேயே இறுகிக்கொள்ளும். டேப்பின் கொக்கியை அடிவிளிம்பில் மாட்டி அளக்கச் சொல்வார்கள். துளையின் அடியில் ஒட்டியிருக்கும் ஐஸ் சகதியில் அந்தக் கொக்கி மாட்டிக்கொண்டால் ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். அதனால் எனக்கு நுனி வளைந்த கம்பிதான் பிடிக்கும். அடியில் இரண்டு தரம் சுரண்டி, கெட்டியான விளிம்பு தட்டுப்பட்ட பிறகு அளப்பேன்.

அளந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு பெரிய துளை போட்டு அதன் சுவரைப் பாருங்கள். மேலே பால் மாதிரி வெள்ளையாக இருப்பது, நனைந்த பனி உறைந்து உண்டானது. உள்ளே காற்றுக் குமிழ் நிறைய. அதற்குப் பாதி மதிப்புத்தான். மேலே 4 அங்குலம் வெள்ளை, கீழே 4 அங்குலம் தெளிவு என்றால் உங்கள் கணக்கில் அது 8 இல்லை, 6. நடுவில் தண்ணீரோ சகதியோ அடுக்காக இருந்தால் இரண்டையும் கூட்டவே கூடாது, மேலடுக்கு மட்டும்தான் கணக்கு.

அடுத்து, துளையில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். மிதக்கிற ஐஸில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்கும். 10 அங்குல ஐஸில் மேல்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். அதைவிட நன்றாகக் கீழே நின்றால் ஏரியின் நீர்மட்டம் இறங்கி, ஐஸ் தாங்கலின்றித் தொங்குகிறது. தடிமன் எவ்வளவு இருந்தாலும் வண்டி வேண்டாம். மாறாக, தண்ணீர் பொங்கி மேலே வந்தால் பனியின் பாரம் ஐஸை அமுக்குகிறது என்று அர்த்தம்.

5. ஒரு துளை போதாது

சுமார் 150 அடிக்கு ஒன்று போடுங்கள். ஓடை சேரும் இடம், வெளியேறும் இடம், அடிஊற்று, நாணல், பாலத்தின் அடி, காற்றூட்டும் குழாய் ஓடும் பகுதி: இங்கெல்லாம் பத்தடியில் தடிமன் மாறிவிடும். ஐஸ் முட்டி எழுந்து நிற்கும் வரப்புகளைக் கடக்காதீர்கள். பனி மூடிய இடத்தில் குளிர் உள்ளே இறங்காது, அதனால் அடியில் ஐஸ் மெலிந்திருக்கும்.

6. ஓட்டும்போது

மெதுவாக. வண்டி ஓடும்போது ஐஸுக்கு அடியில் ஓர் அலை கூடவே ஓடுகிறது. வேகம் கூடினால், முக்கியமாகக் கரையை நெருங்கும்போது, அந்த அலையே ஐஸை உடைக்கும். மூடிய வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போக வேண்டாம்.

பிற்சேர்க்கை: "ஓட்டிப் போனது தாங்கியது, நாள் முழுக்க நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டிருந்தார்கள். ஓடுகிற பாரம் வேறு, நிற்கிற பாரம் வேறு. நின்ற இடத்தில் ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டு வையுங்கள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தால் உடனே நகர்த்துங்கள். வழியாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவது நல்லது.

இன்னொன்று: குளிர்காலக் கடைசியில் 15 அங்குலம் அளந்தேன், போகலாமா என்று ஒருவர் கேட்டார். வெயில் பட்டுப் பட்டு ஐஸ் செங்குத்தான குச்சிகளாகப் பிரிந்திருக்கும். கடப்பாரையால் குத்தினால் நீள நீளமாகச் சிதறும். அப்போது மேலே சொன்ன பட்டியல் எதுவும் செல்லாது. வண்டியை அடுத்த பருவத்துக்கு எடுத்து வையுங்கள்.