கிராஃப்ட் பியர் (சின்ன ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் பியர்) திருவிழாவில் நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்குவது எப்படி?

கூடாரம் அடித்து முடிக்கும் வரை யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, இதுதான் முதல் விதி. ஒரு தடவை நாங்கள் "ஒரே ஒரு கிளாஸ்" என்று ஆரம்பித்து, இருட்டிய பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முளை அடித்தோம். விடிகாலை மூன்று மணிக்குக் கூடாரம் எங்கள் முகத்தின் மேல் படுத்திருந்தது.

கொஞ்சம் மேடான இடமாக, கழிப்பறைக்குப் போகிற வழியை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க யாராவது உங்கள் கயிற்றில் தடுக்கி விழுந்துகொண்டே இருப்பார்கள். கயிற்றில் வெள்ளைத் துணி கட்டுவது நல்லது.

அப்புறம் பியர். எங்கும் கிடைக்கிற சாதாரண லேசான பியரான லாகரில் ஆல்கஹால் 4-5 சதவீதம், கசப்பு தூக்கலான ஐபிஏ என்கிற வகையில் பெரும்பாலும் 6-7, கறுப்பாக, கெட்டியாக இருக்கும் இம்பீரியல் ஸ்டவுட் என்றால் 10-ஐக்கூடத் தாண்டும். அதை மத்தியானமே தொட்டால் சாயங்காலம் உங்களுக்கு இல்லை! லேசானதில் தொடங்கி, சின்ன கிளாஸில், ஆளுக்கொரு வகை வாங்கி மாற்றி மாற்றி ருசி பாருங்கள், காசும் மிச்சம். கசப்பான ஐபிஏவுக்குப் பிறகு கோதுமை பியர் குடித்தால் நாக்குக்கு வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். நடுநடுவே நிஜத் தண்ணீரும் வேண்டும், வெறும் வயிறு ஆகவே ஆகாது.

குளிருகிறது என்று அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். காலையில் தலை தெளிந்த மாதிரி இருந்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் மிச்சம் இருக்கலாம்; அதனால் வண்டி ஓட்டப்போகிறவர் யார், குடிக்காமல் இருக்கப்போகிறவர் யார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், இரண்டும் ஒரே ஆள்தான்.